மரப்பட்டையைச் சுவருக்குப் போர்த்தலாமா?

"பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில் சொந்தக் காணியில் மூன்று அறை கொண்ட சின்ன விடுதி கட்டுகிறேன். சுவருக்குப் பெயின்ட் வேண்டாம், மரப்பட்டையையே போர்த்தலாம் என்று ஆசை. உள்ளேயும் வெளியேயும் நிற்குமா? பூச்சி வருமா? எந்த மரத்துப் பட்டை நல்லது? காணியில் நிற்கும் டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரங்களை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து எடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் மலையில், மரத்தை விட்டுப் பிரிந்த பட்டை சுவரில் பட்டையாகவே இருக்குமா, அழுகிப் போகுமா என்பதைத்தான் அவர் கேட்கிறார். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே, நன்றாகக் காயவைத்து, சுவரோடு ஒட்டாமல், வேண்டும்போது கழற்றக்கூடிய மாதிரி மாட்டினால் நிற்கும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் வேண்டாம். உயிரோடு நிற்கும் மரத்தை உரிக்கவே கூடாது.

நான் இருபத்தாறு வருடமாக மரத்தோடு இருக்கிறேன். முதலில் மரக்காலையில் பலகை அடுக்கிக் காயவைக்கும் வேலை, அப்புறம் பழைய தோட்டத்துப் பங்களாக்களைத் திருத்தும் வேலை. இதுவரை ஏழு பட்டைச் சுவர் செய்திருக்கிறேன். ஐந்து நன்றாக இருக்கின்றன, இரண்டு கெட்டுப் போயின. கெட்ட இரண்டிலிருந்து கற்றதுதான் கீழே எழுதுவதில் பாதி.

பட்டை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு பொருள். வெளியே இருப்பது செத்துக் காய்ந்த தோல். தண்ணீரை எளிதில் உள்ளே விடாத தக்கைத் தன்மையும், பூச்சிக்குப் பிடிக்காத துவர்ப்பும் அதில் உண்டு. உள்ளே, மரத்தை ஒட்டி இருப்பது உயிருள்ள பட்டை. இலையில் செய்த சாப்பாடு வேருக்கு இறங்கும் வழி அதுதான், ஆகவே அதில் சர்க்கரையும் மாவுச்சத்தும் ஈரமும் நிறைய. கறுவா உரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, பித்தளைக் கம்பியால் தேய்த்துத் தேய்த்து, உள்பட்டையைத்தான் சுருளாக எடுப்பார்கள். சுவருக்கு வேண்டியது அவர்கள் சுரண்டி எறிவது. வாசனையும் சத்தும் இருக்கும் உள்பட்டை சுவரில் ஏறினால் பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் நாமே சோறு போட்ட மாதிரி. பட்டைச் சுவர் கெடும் இடங்களில் முக்கால்வாசிக் காரணம், இந்த இரண்டையும் பிரிக்காமல் அப்படியே அறைந்துவிடுவது.

வெளித்தோல் எவ்வளவு உறுதியானது என்று பார்க்க உங்கள் ஊவாப் பக்கத்துப் பத்தனைகளையே, அதாவது மலைப் புல்வெளிகளையே, பாருங்கள். வருடா வருடம் புல்லில் தீ ஓடும் அந்தச் சரிவுகளில் நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை போன்ற சில மரங்கள் மட்டும் கரிந்த உடம்போடு மறுபடி தளிர்விடும். ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகரத்மல் மரமும் அப்படித்தான். தடித்த வெளிப்பட்டைதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. இவற்றிலிருந்து ஒரு துண்டும் எடுக்கச் சொல்லவில்லை. பட்டை என்ன வேலைக்காகப் படைக்கப்பட்டது என்று காட்டத்தான் சொன்னேன்.

இனி, வெட்டாமல் உரிக்கலாமா என்ற கேள்வி. மரத்தைச் சுற்றி ஒரு வளையம் முழுதாக உரித்துவிட்டால் வேருக்குச் சாப்பாடு இறங்காது. இலை சில மாதம் பச்சையாகவே இருக்கும், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுகூடத் தோன்றும். ஆனால் வேர் பட்டினி கிடந்து மரம் நின்றபடியே சாகும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. "போர்த்துக்கல்லில் உரிக்கிறார்களே" என்று கேட்பீர்கள். அங்கே தக்கை ஓக் மரத்துக்கு முதல் உரிப்பு ஏறக்குறைய 25 வயதில், அப்புறம் 9 வருடத்துக்கு ஒரு தடவை. உள்பட்டையில் கத்தி படாமல் வெளித்தக்கையை மட்டும் கழற்றத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது. ஜப்பானில் கோயில் கூரை வேய ஹினோக்கி மரத்திலிருந்து எடுப்பதும் இதே மாதிரி. எழுபது எண்பது வயது மரத்தில் மேல்பட்டையை மட்டும் உரித்து, மறுபடி வளர விட்டுவிடுவார்கள். நம் மலையிலும் ஒரு காலம் இருந்தது. 1861இல் ஹக்கலையில் தாவரவியல் தோட்டம் போட்டதே சிங்கோனாவுக்காக. கோப்பி நோயில் அழிந்தபோது துரைமார் கொயினா என்ற மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா நட்டார்கள். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவி எடுத்து, மறுபடி வளரவிடும் முறையும் அன்று இருந்தது. ஆனால் டர்பன்டைன் மரம் தக்கை ஓக் இல்லை. அதில் வெளிப்பட்டையை மட்டும் அகலத் தகடாகக் கழற்ற முடியாது, கழற்றினால் உள்பட்டையும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே வேறு காரணத்துக்காக எப்படியும் விழப்போகும் மரத்தின் பட்டையைத்தான் எடுக்க வேண்டும்.

எந்த மரம்? நாம் டர்பன்டைன் என்று ஒரே பெயரில் கூப்பிடுவது பல வகை யூக்கலிப்டஸ். மலைநாட்டில் அதிகம் நட்டிருப்பது கிராண்டிஸ். அடிமரத்தில் கொஞ்ச உயரத்துக்கு முரட்டுப் பட்டை, அதற்கு மேலே வழவழவென்று வெள்ளை. மேல்பகுதி தானாகவே நாடா நாடாகக் கழன்று கீழே விழும். அந்த நாடா அழகுதான், ஆனால் மெல்லியது, காய்ந்தால் குழல் மாதிரி சுருண்டுவிடும். ஒரு பலகையில் நெருக்கி அடித்தால் உதவும், அகலத் தகடாக வராது. ரொபஸ்டா என்ற வகை உங்கள் காணியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பட்டை உச்சிவரை தடிப்பாக, செம்பழுப்பாக, விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி கொஞ்சம் உள்வாங்கும். நான் செய்ததில் நன்றாக நின்ற சுவர்களில் மூன்று ரொபஸ்டாவில் செய்தவை. யூக்கலிப்டசின் தாய்நாடான அவுஸ்திரேலியாவில் பழங்குடி மக்களும் பின்னால் குடியேறியவர்களும் நார்ப்பட்டை யூக்கலிப்டசை அகலத் தகடாக உரித்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, பாரம் வைத்துக் காயவிட்டுக் குடிசைக்குச் சுவரும் கூரையும் போட்டார்கள். நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அதேதான்.

சவுக்கு என்று நாம் சொல்வது, தேயிலைக்கு நிழலுக்கு நட்ட கிரெவிலியா. கடற்கரைச் சவுக்கு வேறு, இது வேறு. இதன் பட்டை கறுத்து வெடித்திருக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தகடாக வராமல் உடைந்து உடைந்து வரும். சிலருக்கு இதன் தூள் பட்டால் தோல் அரித்துத் தடித்துவிடும், ஆகவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பைனஸ் பட்டையைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. முதிர்ந்த மரத்தின் அடியில் செதில் செதிலாகத் தானே உதிர்ந்து கிடக்கும். அதைப் பொறுக்கினால் மரத்துக்கு ஒரு நோவும் இல்லை, கிடைப்பதும் செத்த வெளிப்பட்டை மட்டும். தரைக்கு ஓடு பதிக்கிற மாதிரி அந்தச் செதில்களைப் பலகையில் பொருத்தலாம். நேரம் எடுக்கும் வேலை, ஆனால் பொறுமை உள்ளவருக்கு இதைவிட நல்ல பொருள் மலையில் இல்லை என்பேன். நுவரெலியாப் பக்கத்துச் சைப்பிரஸ் பட்டை நீள நாராக வரும், சுருக்கமாகச் சொன்னால் அது அலங்காரத் துண்டுகளுக்கு மட்டும். அல்பீசியாப் பட்டை மெல்லிய வழவழப்பு, விட்டுவிடுங்கள்.

மரம் எப்போது விழ வேண்டும் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. மழை பெய்து, மரம் தளிர்விட்டு, உள்ளே சாறு ஓடும்போது பட்டை வழுக்கிக்கொண்டு வரும். கறுவா உரிப்பவர்கள் செந்தளிர் பச்சையாகும்வரை காத்திருப்பதும் இதற்குத்தான். வறண்ட மாசி வெயிலில் வெட்டிய மரத்தில் பட்டை கடித்துப் பிடித்துக்கொள்ளும், உளி வைத்துக் கெல்ல வேண்டிவரும். ஆகவே பட்டையைத் தனியாகத் தகடாக எடுப்பதானால் மழைக்குப் பின் வெட்டுங்கள். பட்டை ஒட்டியே இருக்கும் ஓரப் பலகையாகப் பயன்படுத்துவதானால் வறட்சியில் வெட்டுங்கள். மரக்காலையில் முதல் வாள் ஓடும்போது விழும் அந்த ஓரப் பலகைகளை விறகுக்குத்தான் விற்பார்கள். மழைக்கால மரத்தின் ஓரப் பலகையை வாங்கிச் சுவரில் அடித்தால், ஒரு வருடத்தில் பட்டை தனியாக, பலகை தனியாகக் கழன்று நிற்கும்.

உரிப்பது இப்படி. மரம் விழுந்த அன்றே, முடிந்தால் அந்த மணித்தியாலத்திலேயே தொடங்க வேண்டும். நான்கு அடிக்கு ஒன்றாக மரத்தைச் சுற்றிக் கத்தியால் வளையம் வெட்டுகிறோம். மேல் வளையத்திலிருந்து கீழ் வளையத்துக்கு நேராக ஒரு கீறல். கீறல் வாயில் தட்டையான மர ஆப்பை நுழைத்து மெல்ல அசைத்தால், உள்ளே ஈரம் விடும் சத்தம் கேட்கும், பசை பிடித்த காகிதத்தைப் பிரிக்கிற மாதிரி. இரும்புக் கடப்பாரை வேண்டாம், அது கிழித்துவிடும். இருவர் இரு பக்கமும் நின்று ஒரே வேகத்தில் விரித்தால் முழுத் தகடும் ஒன்றாக வரும். உள்பக்கம் வெண்மஞ்சளாக, கை வைத்தால் வழுக்கும், அரை மணியில் பழுப்பாகிவிடும். அந்த வழுக்கல் காயும் முன்னால், ஈரமாக இருக்கும்போதே, மழுங்கிய கத்தியால் உள்பட்டையை வழித்து எடுத்துவிட வேண்டும். இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அது இறுகிவிடும், அப்புறம் என்ன செய்தாலும் முழுதாகப் போகாது.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். தகடுகளை உள்பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, இடையில் ஓர் அங்குலக் குச்சிகள் வைத்து அடுக்கி, மேலே கல்லோ சீமெந்துக் கட்டியோ பாரம் ஏற்றுங்கள். மேலே கூரை இருக்க வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். கொழுந்து வாட்டும் மாடியில் காற்று எப்படி ஊடுருவிப் போகிறதோ, அப்படிப் போக வேண்டும். படங்கு போட்டு மூடிவிட்டால் புழுங்கிப் பூத்துவிடும். வெயிலில் நேராகப் போட்டால் வெடித்துச் சுருளும். ஈரமானி மரத்துக்காக அளவு வைத்தது, பட்டையில் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே தகட்டைக் கிழமைக்கு ஒரு தடவை தராசில் நிறுத்து, சுவரில் எழுதி வையுங்கள். மூன்று கிழமை தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் அது அந்தக் காற்றுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள். எனக்கு இது மூன்று நான்கு மாதம் எடுத்திருக்கிறது, பொகவந்தலாவையில் ஒரு தடவை ஆறு மாதம்.

காய்ந்தாலும் உள்ளே முட்டை இருக்கலாம். ஏற்றுமதிப் பெட்டிக்கு மரம் பயன்படுத்த உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: பட்டையை நீக்கு, மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கு. பட்டையை நீக்கச் சொல்வதே வண்டுகள் ஒளிந்திருக்கும் இடம் அதுதான் என்பதால். நாம் வேண்டுமென்றே அந்தப் பட்டையை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம், ஆகவே அந்தச் சூட்டையும் கொடுக்க வேண்டும். மரம் உலர்த்தும் சூளை உள்ள இடத்தில் கூலிக்குப் போட்டு எடுங்கள். கறுப்புப் பொலித்தீன் கூடாரத்தில் வெயிலில் வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வெப்பமானி வைத்துப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். சூட்டுக்குப் பின் போராக்ஸ் கரைசல். 100 லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 6 கிலோ போராக்ஸ், 4 கிலோ போரிக் அமிலம். முன்னும் பின்னும் நன்றாகக் குடிக்கும்படி இரண்டு தடவை தூரிகையால் அடித்து, மறுபடி காயவிடுங்கள். வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் இது நல்ல காவல். ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும், உள்ளறைக்கு மட்டும்தான் சரி. பிள்ளைகள் கைபடாத இடத்தில் கரைத்து வையுங்கள்.

இப்போது என் தவறு. பழைய பங்களா ஒன்றை விடுதியாக மாற்றும் வேலை. சாப்பாட்டு அறையின் மேற்குச் சுவருக்குச் சவுக்குப் பட்டை. நாள் போதவில்லை, ஐந்து கிழமைதான் காயவைத்தேன். பட்டைத் துண்டுகளைச் சீமெந்துப் பூச்சின் மேலேயே பசை போட்டு ஒட்டினேன். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்தார்கள். வைகாசியில் தென்மேற்கு மழை தொடங்கியது. ஆடி முடிவதற்குள் அறைக்குள் நுழைந்தால் ஈரச் சாக்கு மணம். ஒரு துண்டை நெம்பி எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, பின்பக்கம் முழுதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. மேற்குச் சுவர் மழையைக் குடித்து உள்ளே விடுகிறது, பசையும் பட்டையும் அதை வெளியே போகவிடாமல் பூட்டி வைத்திருந்தன. அடுத்த வருடம் சுவரடியில் கோலம் போட மாவு தூவின மாதிரி மெல்லிய தூள் விழத் தொடங்கியது. வழித்தெடுக்காத உள்பட்டையில் வண்டு வேலை செய்திருந்தது. சுவர் முழுவதையும் என் செலவிலேயே கழற்றினேன். பூச்சும் பட்டையோடு சேர்ந்து வந்தது.

அதற்குப் பின் நான் எந்தச் சுவரிலும் பட்டையை ஒட்டியதில்லை. சுவருக்கு ஒரு சட்டை தைக்கிற மாதிரிதான் செய்கிறேன். முதலில் சுவரில் கசிவு இருந்தால் அதை நிறுத்த வேண்டும், பட்டை எதையும் நிறுத்தாது. சுவரில் ஓர் அங்குலக் கனச் சட்டங்களை நெட்டாக அடித்து, அவற்றின் மேல் மூன்றடிக்கு மூன்றடிப் பலகைகளாகப் பட்டையைத் திருகாணியால் மாட்டுங்கள். கீழே தரைக்கு மேல் நான்கு அங்குலமும் மேலே கூரைக்குக் கீழ் ஓர் அங்குலமும் திறந்து விடுங்கள், பின்னால் காற்று ஏறி இறங்கட்டும். அந்த இடைவெளியில் நுண்ணிய கம்பி வலை வைக்காவிட்டால் கரப்பானும் எலியும் குடிவந்துவிடும். ஒவ்வொரு பலகையையும் தனியாகக் கழற்ற முடிய வேண்டும். வருடத்தில் ஒரு தடவை, மழை முடிந்ததும், இரண்டு மூன்றைக் கழற்றிப் பின்பக்கம் பார்ப்பதுதான் இந்தச் சுவரின் பராமரிப்பு. கறையான் வெளிப்பட்டையை அவ்வளவு விரும்பாது, ஆனால் பட்டையின் மறைவில் மண்குழல் கட்டிக்கொண்டு கூரை மரத்துக்கு ஏறிவிடும். கழற்றிப் பார்த்தால்தான் அது தெரியும்.

ஆணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண இரும்பு ஆணி அடித்தால் சில மாதத்தில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் நீலக்கறுப்பாகக் கறை வடியும். பட்டையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே விதத்தில்தான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி வாங்குங்கள், இல்லாவிட்டால் பித்தளை. இந்த இடத்தில் காசு பிடிக்க வேண்டாம்.

வெளிச்சுவருக்கு வருவோம். அமெரிக்காவில் வட கரோலினா மலைகளில் நூறு வருடத்துக்கு மேலாகப் பட்டைச் சுவர் வீடுகள் இருக்கின்றன. முதலில் செஸ்ட்நட் மரத்துப் பட்டை. 1904இல் நியூயோர்க்கில் கண்டுபிடித்த பூஞ்சண நோய் பரவி அந்த மரமே அழிந்து போக, இன்று துலிப் பொப்லர் பட்டையைச் சூளையில் காயவைத்து ஓடு மாதிரி வெட்டி அடிக்கிறார்கள். எழுபது எண்பது வருடம் நிற்கும் என்கிறார்கள், நின்ற கட்டடங்களும் உண்டு. பட்டைச் சுவர்ப் படங்கள் எதையும் நீங்கள் பார்த்திருந்தால், அவையும் அந்த வீடுகளாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எழுபது வருடத்தை நம் மலைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. மரம் வேறு, பட்டையின் கனம் வேறு. அங்கே பனிக்காலம் வந்து பூஞ்சணத்தை மாதக்கணக்கில் உறங்க வைக்கும். இங்கே 16 பாகையில் நுவரெலியாவிலும் 20 பாகையில் பண்டாரவளையிலும் அது வருடம் முழுதும் விழித்திருக்கும். நான் வெளியே செய்த ஒரே சுவர், மேற்கு மழை நேராக அடிக்கும் இடத்தில், நான்காவது வருடம் பாசி பிடித்து மென்மையாகிவிட்டது. ஆழமான இஸ்தோப்புக்கு (வராந்தாவுக்கு) உள்ளே, தூவானம் எட்டாத சுவரில் என்றால் செய்யலாம், அதுவும் நிலத்திலிருந்து இரண்டடி மேலே தொடங்கி.

கேள்விப்படும் சில விஷயங்களில் எனக்கு ஒத்துப்போகாதவை உண்டு. டர்பன்டைன் பட்டையின் வாசனைக்குப் பூச்சி வராது என்பார்கள். அந்த எண்ணெய் இலையில்தான் அதிகம், பட்டையில் இருக்கும் கொஞ்சமும் காய்ந்ததும் போய்விடும், வண்டு தாராளமாக வரும். அறை சூடாக இருக்கும் என்பார்கள். தக்கை ஓக்கின் தக்கை நல்ல வெப்பக்காப்பு என்பது உறுதி. நம் பட்டை அரை அங்குலம் முக்கால் அங்குலக் கனம், இடையில் வெடிப்புகள் வேறு. இரவில் கை வைத்தால் சுவர் ஜில்லென்று இருக்காது, அதுவே ஒரு சுகம்தான், ஆனால் அடுப்பை அணைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அறையில் எதிரொலி குறைவது உண்மை, பேசும்போதே தெரியும். மினுக்க வார்னிஷ் பூசலாமா என்று கேட்பார்கள், வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டும், பட்டையின் மங்கலான அழகும் போய்விடும். ஆளி விதை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பூஞ்சணத்துக்கு உணவு. பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொல்லும் வழக்கம் வேலிக் கம்பத்துக்குச் சரி, மனிதர் படுக்கும் அறைக்குத் தகாது.

தீயைப் பற்றி நான் படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறையில் பிடித்த தீ கூரை வழியே எப்படி ஓடும் என்பதை நம் மலையில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். பின்னால் காற்றுப் பாதை உள்ள பட்டைச் சுவரும் தீ பிடித்தால் புகைபோக்கி மாதிரிதான் இழுக்கும். ஆகவே சமையலறையிலும் கணப்படுப்புக்குப் பக்கத்திலும் மின்பெட்டி உள்ள சுவரிலும் போடாதீர்கள். விருந்தினர் தங்கும் இடம் என்பதால், கட்டட அனுமதி கேட்கும்போதே பட்டைச் சுவர் வருகிறது என்று வரைபடத்தில் காட்டி, தீயணைப்புத் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படுக்கையறையில் தலைமாட்டுச் சுவரிலும் வேண்டாம் என்பது என் கருத்து. தூசு தங்கும், இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வேலை செய்பவர்கள் முகமூடி போடாமல் பட்டை உரிக்கக் கூடாது. அமெரிக்காவில் காகித ஆலைகளில் மேப்பிள் பட்டை உரித்த தொழிலாளர்களுக்கு, பட்டைக்கு அடியில் வளர்ந்த பூஞ்சணத்தின் தூளால் நுரையீரல் நோயே வந்திருக்கிறது.

மரம் வெட்டுவதற்கு முன் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் கேளுங்கள். பலா, ஈரப்பலா போன்றவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் சட்டமே உண்டு. மற்ற மரமும் காணியை விட்டு வெளியே போகும்போது அனுமதி கேட்கப்படலாம். காட்டிலிருந்து ஒரு சுள்ளியும் எடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், உங்கள் காணி சரிவு. ஒரு சுவர் ஆசைக்காகச் சரிவில் நிற்கும் மரங்களை மொத்தமாகச் சாய்க்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே காரணங்கள் வேறும் உண்டு, ஆனால் மழை குடித்த நம் மலை மண்ணைப் பிடித்து நிற்கும் வேரை நாமாக எடுக்கக் கூடாது. எவ்வளவு மரம் தேவை என்றும் கணக்குப் பாருங்கள். பன்னிரண்டடிக்குப் பத்தடிச் சுவர் என்றால் 120 சதுர அடி. ஓரடி விட்டமுள்ள மரத்தில் நான்கடித் துண்டுக்குப் பன்னிரண்டரைச் சதுர அடிப் பட்டை வரும், சுருக்கமும் கழிவும் போக எட்டுத்தான் கையில் நிற்கும். அப்படிப் பதினைந்து துண்டு, அதாவது நல்ல அடிமரம் நான்கு. கிழடுதட்டியதையோ, கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்று எப்படியும் இறக்க வேண்டியதையோ பார்த்து நான்கு எடுத்தால் போதும்.

ஆகவே மூன்று அறைக்கும் உள்ளும் புறமும் என்பதை விட்டுவிட்டு, வரவேற்பறையில் ஒரு சுவர் செய்யுங்கள். எந்த மழையும் நேராக அடிக்காத, பக்கத்தில் ஜன்னல் உள்ள உள்சுவராக இருந்தால் மிக நல்லது. தொடங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். நூறு காசுக்குக்கூடப் பெறாத ஒரு பட்டைத் துண்டை நான் சொன்னபடி வழித்து, காயவைத்து, அந்தச் சுவரில் இரண்டு சட்டத்தின் மேல் மாட்டுங்கள். பக்கத்தில் காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்ன மானி ஒன்று. அறைக்குள் ஈரம் 65 விழுக்காட்டில் இருந்தால் மரம் ஏறக்குறைய 12 விழுக்காடு ஈரத்தோடு பேசாமல் இருக்கும். 85இல் தங்கினால் 18க்கு ஏறும், 80க்கு மேல் நாட்கணக்கில் நின்றாலே மேலே பூக்கத் தொடங்கும். உங்கள் பக்கத்துப் பெரிய மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி தாண்டும் அல்லவா, தைப்பொங்கல் கழிந்ததும் துண்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, மானி காட்டிய எண்களோடு இங்கே போடுங்கள். பார்த்துவிட்டு எந்தச் சுவர், எவ்வளவு இடைவெளி என்று அளவோடு எழுதுகிறேன்.